செல்லும் காசு



காசைப் பற்றிப் பேசும்போது தமிழில் நாம் வழங்கும் வினைச்சொல் ஒன்று உண்டு. நல்ல காசு ‘செல்லும்’ என்கிறோம்; ஆகாத காசு ‘செல்லாது’ என்கிறோம். செல்லுதல் என்றால் போதல், நடத்தல். கைக்குக் கை நடந்துகொண்டிருக்கும் வரையில்தான் காசு காசாகும். எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே அது வெறும் உலோகமாகவோ காகிதமாகவோ ஆகிவிடுகிறது. ஒரு பெரிய பொருளாதார உண்மை இந்தச் சிறு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. சித்தூர்க் கடைவீதியில் தெலுங்கு பேசும் வணிகரும் இதே சொல்லைத்தான் ஆளுகிறார். காசை வாங்க மனமில்லாவிட்டால் அவர் ‘செல்லது’ என்பார். நம்மவர் ‘செல்லாது’ என்பார். ஓர் எழுத்து நீளுகிறது, அவ்வளவே.

நாட்டின் நோட்டுகளையும் நாணயங்களையும் செல்ல வைப்பது ரிசர்வ் பாங்கின் வேலை. அவ்வேலை எவ்வாறு நடக்கிறது என்பதை இன்று பார்ப்போம். அதன் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. ஆயினும், நாம் சித்தூரிலும் திருப்பதியிலும் நின்றுகொண்டு இதனைப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பணம் வந்து குவியும் இடம் திருமலை. மூன்று மாநிலத்துப் பேருந்துகளும் சந்திக்கும் ஊர் சித்தூர். மேலும், பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர் ஊருக்குப் போகும் வழியில் அந்தப் பக்கத்தை மிதிக்காமல் திரும்புவதில்லை. மும்பையிலிருந்து வருவோர் ரேணிகுண்டாவில் இறங்குகிறார்கள். பெங்களூரிலிருந்து வருவோர் முள்பாகல், பலமனேர் வழியாகச் சித்தூரைத் தொட்டு வருகிறார்கள்.

அது மொழிகள் கலந்து வாழும் சீமை. 1911-ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை அது சென்னை மாநிலத்தில் இருந்தது. 1960-ஆம் ஆண்டில் திருத்தணிப் பகுதி தமிழகத்துடன் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இப்படிப் பல முறை இடம் மாறின. ஆனால் ஓரிடத்தில் தமிழும் தெலுங்கும் பிரியாமல் அடுத்தடுத்து நிற்கின்றன. ரூபாய் நோட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பதினைந்து மொழிகளில் தொகை எழுதப்பட்டிருக்கும். ஆங்கில அகரவரிசைப்படி அமைந்த அப்பட்டியலில் தமிழ் வரிக்கு நேர் கீழே தெலுங்கு வரி இருக்கிறது. முன்புறத்தில் உள்ள இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் மொத்தம் பதினேழு மொழிகள்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் இன்னொரு செய்தியும் கண்ணில் படுகிறது. பதினேழு மொழிகளிலும் தொகை உண்டு. ஆனால் ரிசர்வ் பாங்கின் கவர்னர் கையெழுத்திட்டுத் தரும் வாக்குறுதி இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உண்டு. அதனைத் தமிழில் சொன்னால், “இதைக் கொண்டு வருபவருக்கு நூறு ரூபாய் கொடுப்பேன் என்று உறுதி கூறுகிறேன்” என்றாகும். நோட்டு என்பது இந்த ஒரு வாக்கியந்தான். மற்ற சித்திரங்களும் எண்களும் நீர்க்குறியும் அந்த வாக்கியத்துக்குக் காவல்.

பழைய காலத்துக் காசுக்கு இத்தகைய வாக்குறுதி தேவைப்படவில்லை. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் 1514-ஆம் ஆண்டில் திருவேங்கடமுடையானுக்கு 30,000 பொற்காசுகளால் அபிஷேகம் செய்வித்தார் என்று திருமலைக் கல்வெட்டுச் செய்திகள் கூறுகின்றன. அந்தப் பொற்காசின் மதிப்பு அதன் எடையில் இருந்தது. அரசர் போனாலும், அரசே போனாலும், பொன் பொன்னாகவே இருந்தது. இன்றைய நோட்டில் அத்தகைய எடை ஏதும் இல்லை. அதன் மதிப்பு முழுவதும் கொடுத்த வாக்கில் இருக்கிறது.

அந்த வாக்கைக் கொடுப்பவர் யார்? 1861-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்திய அரசாங்கமே நோட்டு வெளியிட்டு வந்தது. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ரிசர்வ் பாங்கு தொடங்கியது. அதன் பெயரில் முதல் நோட்டு 1938-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவில் நோட்டு வெளியிடும் உரிமை அதற்கு மட்டுமே உண்டு. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் இதற்கு விலக்கு. அது அரசாங்கத்தின் நோட்டு. அதில் நிதிச் செயலாளர் கையெழுத்திடுகிறார். ஆகையால் அதில் வாக்குறுதி வாசகமும் இல்லை. நாணயங்களும் அரசாங்கத்தைச் சேர்ந்தவையே. எந்த மதிப்பில், எந்த உலோகத்தில், எந்த வடிவில் நாணயம் அடிப்பது என்பதை 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி மத்திய அரசு முடிவு செய்கிறது. எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுக் கேட்பதும், வாங்கி நாடெங்கும் பரப்புவதும் ரிசர்வ் பாங்கின் பொறுப்பு.

வெறும் வாக்கை நம்பி நாடு நடக்குமா என்று கேட்கலாம். வெளியிட்ட நோட்டுகள் முழுமைக்கும் ஈடாகத் தங்கமும், அயல்நாட்டுப் பத்திரங்களும், நம் அரசாங்கப் பத்திரங்களும் ரிசர்வ் பாங்கின் வெளியீட்டுப் பிரிவில் இருந்தாக வேண்டும். அவற்றுள் தங்கமும் அயல்நாட்டுப் பத்திரங்களும் 200 கோடி ரூபாய்க்குக் குறையலாகாது. அதிலும் தங்கம் 115 கோடி ரூபாய்க்குக் குறையலாகாது. இவ்விதி 1957-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. 2025 மார்ச் இறுதியில் நாட்டில் நடமாடிய நோட்டுகளின் மதிப்பு ஏறக்குறைய 36.9 லட்சம் கோடி ரூபாய். அதில் சுமார் 86 விழுக்காடு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள்.

ஒவ்வோர் ஆண்டும் எத்தனை நோட்டு வேண்டியிருக்கும் என்பதை ரிசர்வ் பாங்கு முன்கூட்டியே மதிப்பிடுகிறது. வாணிபம் எவ்வளவு வளரும், அழுக்கடைந்து கழிய வேண்டியவை எத்தனை, கையிருப்பாக வைக்க வேண்டியவை எத்தனை என்ற மூன்றையும் கூட்டிப் பார்த்து அச்சகங்களுக்கு எழுதுகிறது. நாசிக், தேவாஸ், மைசூர், மேற்கு வங்காளத்துச் சால்போனி ஆகிய நான்கு இடங்களில் நோட்டுகள் அச்சாகின்றன. மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயங்கள் அடிக்கப்படுகின்றன. கையிலுள்ள நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். விண்மீன் இருந்தால் ஐதராபாத்; சிறு புள்ளி இருந்தால் நொய்டா; வைரம் போன்ற சாய்சதுரம் இருந்தால் மும்பை; குறி ஒன்றும் இல்லையெனில் கொல்கத்தா.

அச்சான நோட்டு நேரே நம் கைக்கு வருவதில்லை. ரிசர்வ் பாங்குக்கு நாடு முழுவதிலும் 19 வெளியீட்டு அலுவலகங்கள்தாம் உள்ளன. ஆந்திரப் பிரதேசத்தில் ஒன்றும் இல்லை. சித்தூர்க்காரருக்கு அருகிலுள்ளவை சென்னையும் பெங்களூரும். அப்படியிருக்க, ஊர்தோறும் பணம் எப்படிப் போய்ச் சேருகிறது? இதற்காகத் தேர்ந்தெடுத்த பாங்குக் கிளைகளில் ‘கரன்சி செஸ்ட்’ எனப்படும் பணப்பெட்டகங்கள் இருக்கின்றன. நாட்டில் அவை 2,500-க்கும் மேற்பட்டவை. பெட்டகம் இருப்பது அந்தக் கிளையின் கட்டிடத்தில். உள்ளே இருக்கும் பணமோ ரிசர்வ் பாங்கினுடையது. கிளை அதிலிருந்து பணம் எடுத்தால் ரிசர்வ் பாங்கிலுள்ள அதன் கணக்கில் பற்று எழுதப்படும். பணம் வைத்தால் வரவு எழுதப்படும். ஆகவே, கட்டுக்கட்டாக நோட்டைச் சுமந்துகொண்டு மும்பைக்கும் சென்னைக்கும் ஓடாமலே ஊர்களின் பற்றாக்குறையும் மிகுதியும் சரிக்கட்டப்படுகின்றன.

இனித் திருமலைக்கு ஏறுவோம். அங்கே உண்டியல் என்பது துணியால் சூழப்பட்டுத் தொங்கும் பெரிய செப்புக் கொப்பரை. அண்மை ஆண்டுகளில் அதில் விழும் காணிக்கை ஆண்டொன்றுக்கு 1,300 கோடி ரூபாய்க்கு மேல். நாளொன்றுக்குச் சராசரி மூன்றரைக் கோடிக்கு மேல். எண்ணும் இடத்துக்குப் பரகாமணி என்று பெயர். இதற்கெனப் புதிய கட்டிடமொன்று 2022-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கோயில் ஊழியருடன், அரசு அலுவலர்களும் பாங்கு ஊழியர்களும் சேவையாக வந்து எண்ணிக் கொடுக்கிறார்கள். பையில்லாத வேட்டியுடன் அமர்ந்து, காமிராக்களின் கண்காணிப்பில் நோட்டை நோட்டோடும், நாணயத்தை நாணயத்தோடும் பிரிக்கிறார்கள். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த காசுகளும் அங்கே கிடைக்கும்.

எண்ணி முடித்த நோட்டு பாங்குக்குப் போகிறது. பாங்கிலிருந்து பெட்டகத்துக்குப் போகிறது. வழியில் இயந்திரம் அதனைச் சோதிக்கிறது. மெய்யான நோட்டா, இன்னும் உழைக்கத் தக்கதா என்று பார்க்கிறது. தக்கதாயின், நேற்று உண்டியலில் விழுந்தது நாளை ஏ.டி.எம். வழியே வேறொருவர் கைக்கு வரலாம். தகாததாயின் அது ரிசர்வ் பாங்குக்குத் திரும்பிச் சென்று, தூள்தூளாக வெட்டப்பட்டுக் கட்டிகளாக அழுத்தப்படுகிறது. காகிதம் அழிகிறது, வாக்கு அழிவதில்லை. அந்த ஒன்றுக்குப் பதிலாகப் புதியது ஒன்று வருகிறது. நோட்டின் ஆயுள் சிறிது. வாக்கின் ஆயுள் பெரிது என்பதையே இந்த ஏற்பாடு முழுவதும் நமக்குச் சொல்கிறது.

நாணயத்தின் கதை வேறு. அது எளிதில் அழியாது, ஆனால் கனக்கும். எண்ணவும், பிரிக்கவும், சுமக்கவும், வைக்கவும் ஆள் வேண்டும், இடம் வேண்டும். ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைக்கலாம். ஐந்நூறு ஒற்றை ரூபாய்களுக்குப் பை ஒன்று தேவை. பாங்குகளும் சில்லறை மூட்டையை ஆவலுடன் வரவேற்பதில்லை. திருமலையில் நாணயங்கள் டன் கணக்கில் தேங்கியபோது, அவற்றை ஏற்றுக்கொள்ளும் பாங்குகளுக்குத் தேவஸ்தானத்தின் வைப்புப் பணமும் கிடைக்கும் என்று சொல்லி அவற்றை நகர்த்த வேண்டியிருந்தது. கீழே கடைக்காரர் மீதிக் காசுக்குப் பதிலாக மிட்டாயை நீட்டிக்கொண்டிருக்கிறார். மேலே காசு மலையாகக் குவிந்து கிடக்கிறது. நாட்டில் சில்லறை இல்லாமையன்று குறை. அது செல்லாமையே குறை.

உண்டியலுக்கு வரும் காசு ஏன் காலம் கடந்து வருகிறது என்பதை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நம் தாய்மார் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து ஏழுமலையானை வேண்டிக்கொள்வார்கள். முடிச்சு சுவாமி அறையில் இருக்கும். பிழைப்பைத் தேடிக் குடும்பம் பூனாவுக்கோ ஜாம்ஷெட்பூருக்கோ போனால் முடிச்சும் கூடவே போகும். குழந்தை வளர்ந்து, பள்ளி முடித்து, வேலைக்கும் போன பின்னர் ஒரு நாள் அது திருமலைக்கு வரும். வேண்டுதல் அப்படியே இருக்கிறது. காசு அப்படியே இருக்கிறதா?

1957-ஆம் ஆண்டில் தசம நாணயங்கள் வந்தபோது அணாக்காசு மெல்லப் பின்வாங்கியது. 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியுடன் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் சட்டப்படி செல்லாதவை ஆயின. அதற்கு முன்பு முடிந்து வைத்த கால் ரூபாய் அதற்குப் பின்பு உண்டியலில் விழுந்தால், அது பக்தி, பணமன்று.

இதைவிடப் பெரிய சோதனை 2016-ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் தேதி இரவு, அன்று புழக்கத்திலிருந்த ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென அரசு அறிவித்தது. நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் அவை சுமார் 86 விழுக்காடு. 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி பாங்குகளுக்குத் திரும்பியது என்று பின்னர் கணக்காயிற்று. தவணை கடந்த நோட்டுகளின் மீது ரிசர்வ் பாங்குக்கு இருந்த கடப்பாட்டை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. ஆனால் திருமலை உண்டியலில் அந்த நோட்டுகள் அதன் பின்னும் விழுந்துகொண்டிருந்தன. 2020-ஆம் ஆண்டளவில் சுமார் 50 கோடி ரூபாய் முகமதிப்புள்ள பழைய நோட்டுகள் தேங்கியிருப்பதாகக் கூறி, அவற்றை மாற்றித் தருமாறு தேவஸ்தானம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. கிருஷ்ணதேவராயர் காலத்துப் பொற்காசுக்கும் காகித நோட்டுக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பொன்னை எந்த ஆணையும் காகிதமாக்க முடியாது. வாக்கு விலக்கப்பட்டால் நோட்டு அன்றே காகிதமாகும்.

2023-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றபோது வேறு வழி பின்பற்றப்பட்டது. நோட்டு புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆயினும் சட்டப்படி செல்லும் தன்மை நீக்கப்படவில்லை. 98 விழுக்காட்டுக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. பாங்குக் கிளைகளில் மாற்றும் தவணை முடிந்த பின்னும் 19 வெளியீட்டு அலுவலகங்களில் கொடுக்கவும், அஞ்சல் வழியே அனுப்பவும் வழி வைத்தார்கள். இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு எந்த அரசுக்கும் உரிமை உண்டு. ஆனால் தூரத்தில் இருப்பவருக்கும், தாமதமாக அறிபவருக்கும், முடிச்சை அவிழ்க்காமல் வைத்திருக்கும் பாட்டிக்கும் காலம் கொடுத்துப் பெறுவதே வாக்குக்கு அழகு.

வாக்கை அரசு மட்டுந்தான் விலக்க முடியும் என்றில்லை. நாமே விலக்கிவிடுவதும் உண்டு. பத்து ரூபாய் நாணயம் இதற்குச் சான்று. 2009-ஆம் ஆண்டு முதல் இரண்டு உலோகங்களில் வெளிவந்த இந்த நாணயம் பல உருவங்களில் இருக்கிறது. சிலவற்றில் ரூபாய்க் குறி உண்டு, சிலவற்றில் இல்லை. ஒன்றில் பத்துக் கதிர்கள், மற்றொன்றில் பதினைந்து. எது மெய், எது போலி என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் ஆந்திரத்தின் சில பகுதிகளிலும் கடைக்காரர்கள் அதனை வாங்க மறுத்தார்கள். 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் ரிசர்வ் பாங்கு, இதுவரை வெளிவந்த பதினான்கு உருவங்களும் செல்லும் என்று அறிவித்தது. அறிவிப்பு வந்த பின்னும் ஐயம் உடனே தீரவில்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? ஏ.டி.எம். அட்டையும் கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதியும் உள்ளவருக்கு அன்று. பேருந்து நிலையத்தில் நூறு முழம் பூ விற்றுச் சில்லறையாகவே கூலி காணும் அம்மையாருக்கு. மாம்பழக் கூடைக்கருகில் குந்தியிருக்கும் முதியவருக்கு. திருமலைப் படியேறக் காசு சேர்த்து வந்த ஏழைக் குடும்பத்துக்கு. அவர்கள் கையில் இருந்த பத்து ரூபாயை எந்தச் சட்டமும் பறிக்கவில்லை; வதந்தி பறித்தது. அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட நாணயத்தைக் கொண்டு போய்ச் சேர்க்கும் கடைசி இடம் பல நேரங்களில் கோயில் உண்டியலாகவே இருக்கிறது.

ஆகவே, நேயர்கள் சிலவற்றை நினைவில் வைக்க வேண்டுகிறோம். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு கொடுக்கல் வாங்கலில் ஆயிரம் ரூபாய் வரை சட்டப்படி செல்லும். ஐம்பது பைசா பத்து ரூபாய் வரை செல்லும். பாங்குக் கிளைகள் நாணயங்களை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் உத்தரவு. கிழிந்த நோட்டை எறிந்துவிட வேண்டாம். கழிவு கொடுத்து மாற்றவும் வேண்டாம். ஐம்பது ரூபாய்க்குக் குறைந்த நோட்டில் பாதிக்கு மேற்பட்ட பரப்பு ஒரே துண்டாக இருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும். ஐம்பதும் அதற்கு மேலும் ஆயின், நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. நாற்பதுக்கு மேல் எண்பது வரை இருந்தால் பாதி மதிப்பு. எந்தப் பாங்குக் கிளையிலும் இதனைக் கேட்கலாம். தீயில் கருகியவற்றை மட்டும் ரிசர்வ் பாங்கு அலுவலகத்துக்கே கொண்டு செல்ல வேண்டும். டில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் நமக்கு அது எட்டாத தொலைவன்று.

இன்னும் ஒன்று. வீட்டுச் சுவாமி அறையில் மஞ்சள் முடிச்சு இருந்தால், அதனை நெடுங்காலம் காத்திருக்க வைக்காமல் உரிய இடத்தில் சேர்ப்பியுங்கள். அலமாரியில் டப்பா நிறையச் சில்லறை இருந்தால் காய்கறிக்காரரிடம் கொடுங்கள், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். யாரேனும் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் தயங்காமல் வாங்குங்கள். நாசிக்கில் அச்சடிப்பவரும், ஐதராபாத்தில் காசு அடிப்பவரும், பரகாமணியில் அமர்ந்து எண்ணுபவரும் தத்தம் பங்கைச் செய்து முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு காசைச் செல்ல வைக்க வேண்டியது வாங்குபவரும் கொடுப்பவருமாகிய நாம்தான்.